சாலையில் அடிபட்டால் நஷ்டஈடு பெறுவது எப்படி?

நம்ம வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலே இராப்பகலாக லாரி ஓடுகிறது. மாடு ஓட்டிக்கொண்டு சாலையைத் தாண்டுகிறவர் அடிபட்டால் என்ன செய்வது?

முதலில் ஆஸ்பத்திரி. வண்டி மோதியது என்று அங்கேயே சொல்லிப் பதிவு செய்யுங்கள். அடுத்து போலீசில் புகார். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். அங்கேயே ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்துக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி, 6 மாதத்துக்குள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யவேண்டும். வைத்தியச் செலவு மட்டுமல்ல, படுத்த நாளின் வருமானத்தையும் கேட்கலாம். நமக்குச் சம்பளச் சீட்டு ஏது? சிட்டா, அடங்கல், நெல் போட்ட ரசீது இவைதான் சாட்சி. பத்திரமாக வையுங்கள்.

மோதிய வண்டி எதுவென்றே தெரியவில்லையா? அதற்கும் வழி உண்டு. 2022 ஏப்ரல் முதல், உயிர் போனால் 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்கவேண்டாம். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். போன் 15100.

பட்டம் தவறினால் விதை வீண். மனுவுக்கும் அதே கணக்குத்தான்.