சத்தம் அதிகம்னா பவரும் அதிகமா? சைலன்ஸர் சொல்லும் பாதி உண்மை!

சிக்னலில் ஒரு கார் உறுமினாலே, ``செம பவர்டா!'' என்று திரும்பிப் பார்ப்பவர்கள் உண்டு. உறுமியது 80 குதிரைத்திறன் காராகவும் இருக்கலாம்.

சத்தம் சில விஷயங்களைச் சரியாகவே காட்டிக்கொடுக்கும். நான்கு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்-மில் ஓடும்போது, விநாடிக்கு 100 முறை உள்ளே எரிபொருள் எரிகிறது. அந்த அதிர்வுதான் எக்ஸாஸ்ட் வழியே குரலாகிறது. எத்தனை சிலிண்டர், என்ன வேகம் என்பதைப் பழகிய மெக்கானிக்கின் காது பிடித்துவிடும். பவர்? ம்ஹூம்!

ஃபார்முலா 1 பந்தயமே சாட்சி. 2013 வரை 2.4 லிட்டர் வி8 இன்ஜின், 18,000 ஆர்.பி.எம். காதைப் பொத்தாமல் நிற்க முடியாது. 2014-ல் 1.6 லிட்டர் வி6 டர்போ ஹைபிரிட் வந்தது. மெல்போர்னில் நடந்த முதல் பந்தயத்திலேயே, `சத்தத்தையே காணோமே' என்று ரசிகர்கள் முதல் அமைப்பாளர்கள் வரை புலம்பினார்கள். வெளியேறும் புகையின் சக்தியை டர்போ பிடுங்கிக்கொள்வதால் சத்தம் அமுங்கிவிடுகிறது. அந்த மே மாதம் பார்சிலோனாவில் மெர்சிடிஸ் அணி, நாதஸ்வர வாய் போல அகன்ற எக்ஸாஸ்ட் குழாயை மாட்டிப் பார்த்தது, எடுபடவில்லை. பவரோ, மின் மோட்டாரையும் சேர்த்து, சில ஆண்டுகளில் சுமார் 1,000 குதிரைத்திறனை எட்டியது. பழைய வி8 இதன் பக்கத்தில்கூட வராது.

2011-ல் வந்த பி.எம்.டபிள்யூ எம்5 இன்னும் வேடிக்கை. 560 குதிரைத்திறன் இருந்தும், இன்ஜின் சத்தத்தை கேபினுக்குள் ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டார்கள்!

சைலன்ஸரை மட்டும் மாற்றினால், பெரும்பாலும் கூடுவது சத்தம்தான். இந்தியாவில் அதற்கு விலையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். மூன்று மாதங்களுக்கு லைசென்ஸும் போய்விடும்.