பழைய பேப்பரில் பாட்டனாரைத் தேடுவோம்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவை ஊரை விட்டு வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆனவை. ரயில்வே, தபால், கணக்குத் தணிக்கை, வங்கி, தனியார் கம்பெனி என்று ஏதோ ஓர் உத்தியோகம் நம்மை இந்த வங்காள மண்ணுக்கு அழைத்து வந்தது. "நம்ம சொந்த ஊர் எது?" என்று பிள்ளைகள் கேட்டால் சொல்லிவிடுகிறோம். "தாத்தாவோட அப்பா பேர் என்ன? அவர் கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?" என்று அடுத்த கேள்வி வந்தால் பலரிடம் பதில் இல்லை. பதில் தெரிந்த பெரியவர்களோ ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் குறையை ஓரளவு தீர்க்கப் பழைய நாளிதழ்கள் உதவும். தலையங்கமும் உலகச் செய்தியும் அல்ல. மூலையில் பொடி எழுத்தில் வரும் மரண அறிவிப்பு, கோர்ட் நோட்டீஸ், ஏல விளம்பரம், பெயர் மாற்ற அறிவிப்பு ஆகியவைதான் நமக்கு வேண்டியவை. நான் சரித்திரம் படித்தவன் அல்லன். டிப்ளமா முடித்து ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு எங்கள் குடும்ப வரலாற்றைத் தேடியதில் கற்றுக்கொண்டவற்றை அன்பர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

வீட்டில் முதல் தேடல்

நூலகத்துக்குப் போகுமுன் வீட்டைத் தேட வேண்டும். சர்வே வேலையில் உயரம் தெரிந்த ஒரு கல்லிலிருந்துதான் அளவைத் தொடங்குவோம். இங்கும் அப்படித்தான். நிச்சயமாகத் தெரிந்த ஒரு பெயர், ஓர் ஊர், ஓரளவு சரியான ஒரு வருஷம் ஆகிய மூன்றும் கையில் இல்லாமல் பேப்பர் கட்டுகளைப் புரட்டினால் கண் வலிதான் மிஞ்சும்.

பழைய கல்யாணப் பத்திரிகைகள், தபால் கார்டுகள், பள்ளிச் சான்றிதழ், பத்திர நகல்கள், அப்பாவின் சர்வீஸ் புத்தகம், பாட்டி வீட்டுச் சீராக வந்த பித்தளைப் பாத்திரங்கள் எல்லாம் சாட்சிகளே. பாத்திரத்தில் வெட்டிய பெயரும் தேதியும் கல்வெட்டுக்குச் சமானம். தபால் கார்டில் எழுதியவர் தேதி போடாவிட்டாலும் தபால் முத்திரையில் இருக்கும்.

திதி கொடுக்கும் வழக்கமுள்ள குடும்பங்களுக்கு இன்னொரு வசதி உண்டு. பாட்டனார் இறந்த ஆங்கிலத் தேதி யாருக்கும் தெரியாது. ஆனால் "தை மாசம் தேய்பிறை சப்தமி" என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதோடு "நந்தன வருஷம்" என்று ஒரு பெரியம்மா சொல்லிவிட்டால் போதும். நந்தன வருஷம் 1952 ஏப்ரல் நடுவில் பிறந்து 1953 ஏப்ரல் நடுவில் முடிந்தது. ஆகவே அந்த வருஷத்துத் தை மாதம் 1953-இல் வருகிறது. தேய்பிறை சப்தமி பிப்ரவரி முதல் வாரத்தில் விழும். இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. தமிழ் வருஷத்தின் கடைசி மூன்று மாதங்கள் அடுத்த ஆங்கில ஆண்டைச் சேர்ந்தவை. தை மாதம் ஜனவரி பாதியில் தொடங்கும். இரண்டாவது, அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும். 1892-இலும் நந்தன, 2012-இலும் நந்தன.

இஸ்லாமியக் குடும்பங்களில் ஹிஜிரி மாதமும் தேதியும் நினைவிருக்கும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் இருக்கின்றன. எந்த வழியில் வந்தாலும், தேட வேண்டிய காலத்தைச் சில வாரங்களுக்குள் சுருக்கிக்கொள்வதே நோக்கம்.

அறிவிப்புகள் எத்தனை வகை

முதலாவது மரண அறிவிப்பு. "காலமானார்", "சிவபதம் அடைந்தார்", "பரமபதித்தார்", "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்", "இயற்கை எய்தினார்" என்ற சொற்களிலேயே குடும்பத்தின் சமயமும் கொள்கையும் தெரிந்துவிடும். மகன்கள் என்ன வேலையில் எந்த ஊரில் இருந்தார்கள், மருமகன்கள் யார், காரியம் எந்த வீட்டில் நடந்தது என்பவையும் கிடைக்கும். இறந்த அன்றே அறிவிப்பு வருவதில்லை. காரியத்துக்கு முன் எந்த நாளிலும் வரலாம். ஆகவே இறந்த நாளிலிருந்து குறைந்தது பதினாறு நாள் பேப்பரையாவது பார்க்க வேண்டும். ஓராண்டு கழித்து அதே தேதியையும் பார்க்கலாம். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி வந்திருக்கக்கூடும். ஆனால் ஒன்று: அந்தக் காலத்தில் சாதாரணக் குடும்பங்கள் காசு கொடுத்து மரண அறிவிப்பு போடுவது அபூர்வம். வக்கீல், மிராசுதார், பெரிய உத்தியோகஸ்தர் வீடுகளில்தான் அந்த வழக்கம் அதிகம்.

இரண்டாவது, பெயர் மாற்றம், தொலைந்த பத்திரம், ரத்தான பவர், நகை ஏலம் போன்ற விளம்பரங்கள். இவற்றில் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், தெரு வரை இருக்கும்.

மூன்றாவது, என் அனுபவத்தில் மிகவும் பயனுள்ளது, கோர்ட் நோட்டீஸ். ஒரு பிரதிவாதிக்கு நேரிலோ வழக்கமான முறையிலோ சம்மன் சார்வு செய்ய முடியாதபோது, நாளிதழில் விளம்பரம் செய்யக் கோர்ட் உத்தரவிடுவது உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1976-இல் செய்த திருத்தம், அவர் கடைசியாக வசித்த பகுதியில் விற்பனையாகும் நாளிதழில் அது வர வேண்டும் என்கிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யாருக்குச் சம்மன் போய்ச் சேராது? ஊரிலேயே இருப்பவருக்கு அமீனா திண்ணையிலேயே கொடுத்துவிடுவார். ஊரை விட்டுப் போனவருக்குத்தான் விளம்பரம் தேவைப்படும். அதாவது நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு.

இன்னொரு சிறப்பும் உண்டு. பழைய மரண அறிவிப்புகளில் பெண்களின் பெயர் பெரும்பாலும் இருக்காது. "இன்னாரின் பாரியாள்", "இன்னாரின் தாயார்" என்பதோடு முடிந்துவிடும். கோர்ட்டுக்கு அது போதாது. பாகப்பிரிவினை வழக்கில் பங்கு உள்ளவர்கள் எல்லோரையும் கட்சி சேர்க்க வேண்டும். பெயர் வேண்டும், கணவன் பெயர் வேண்டும், வயது வேண்டும், வசிக்கும் ஊர் வேண்டும். 1937-ஆம் ஆண்டுச் சட்டம் இந்து விதவைக்குக் கணவனின் பங்கில் ஆயுள் உரிமை கொடுத்தது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்கும் பங்கு கொடுத்தது. அதனால் வீட்டார் பெயர் சொல்லாத பெண்களையும் கோர்ட் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதாயிற்று.

எங்கள் குடும்பத்தில் கிடைத்தது

எங்கள் ஊர் மாயவரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தாத்தாவுக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. தம்பி, அதாவது எங்கள் சின்னத் தாத்தா, கல்யாணமாகாமலே காலமானார் என்றுதான் வீட்டில் சொல்லி வந்தார்கள். தாத்தா 1953-இல் காலமானார். அவருடைய மரண அறிவிப்பைத் தேடினேன். எந்தப் பேப்பரிலும் வந்திருக்கவில்லை.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் 1956-ஆம் ஆண்டு முத்திரையிட்ட ஒரு தபால் கார்டு இருந்தது. "பெரியப்பா கேஸ் போட்டுவிட்டார், உனக்கு நோட்டீஸ் வரும்" என்று ஓர் உறவினர் எழுதியிருந்தார். அந்த ஆண்டின் தமிழ் நாளிதழ்த் தொகுதியை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். மூன்றாம் நாள் கிடைத்தது. தஞ்சாவூர் ஜில்லா, முன்சீப் கோர்ட், பாகப்பிரிவினை வழக்கு. இரண்டாவது பிரதிவாதி என் அப்பா. கடைசியாக வசித்த இடம் கரக்பூர் ரயில்வே குடியிருப்பு. அப்போது அவரை ஆத்ராவுக்கு மாற்றியிருந்தார்கள். நோட்டீஸ் பேப்பருக்கு வந்த காரணம் அதுதான்.

நான்காவது பிரதிவாதியின் பெயரைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு பெண்ணின் பெயர். "காலஞ்சென்ற" எங்கள் சின்னத் தாத்தாவின் "விதவை, வயது சுமார் 30". வசிப்பது சீர்காழிப் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகாமல் இறந்தவருக்கு விதவை எங்கிருந்து வந்தார்?

நோட்டீஸில் நிலங்களின் சர்வே எண்கள் இருந்தன. அவற்றை வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய வில்லங்கம் போட்டுப் பார்த்தபோது 1957-இல் பதிவான ஒரு விடுதலைப் பத்திரம் தெரியவந்தது. நகல் எடுத்தேன். 750 ரூபாய் பெற்றுக்கொண்டு தன் கணவரின் பாகத்தை அந்த அம்மாள் விட்டுக்கொடுத்திருந்தார். கையெழுத்துக்குப் பதில் இடது கைப் பெருவிரல் ரேகை.

சீர்காழிப் பக்கத்துக் கிராமத்துக்கு நானும் என் தம்பியும் போனோம். அவருடைய அண்ணன் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். "எங்க அத்தைப் பாட்டியா? புருஷன் செத்த மாசமே இங்க கொண்டாந்து விட்டுட்டாங்களே. எங்க அப்பாவை எல்லாம் வளர்த்ததே அவங்கதான்" என்றார்கள். 1984 வரை உயிரோடு இருந்திருக்கிறார். பணம் கைமாறியபின் எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு அப்படி ஒருவர் இருந்ததையே சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். சொல்லாத விஷயம் ஒரு தலைமுறைக்குள் இல்லாத விஷயமாகிவிட்டது.

நிலத்தைப் பற்றி இனிப் பேச ஒன்றும் இல்லை. அவருடைய புகைப்படம் ஒன்று கொடுத்தார்கள். எங்கள் வம்சாவளியில் சின்னத் தாத்தா பெயருக்குப் பக்கத்தில் சின்னப் பாட்டியின் பெயரை எழுதிவிட்டோம். இரு வீட்டாரும் இப்போது கல்யாணப் பத்திரிகை அனுப்பிக்கொள்கிறோம். அவர்கள் விருப்பத்தை மதித்து அவர் பெயரை இங்கே அச்சிடவில்லை.

கவனிக்க வேண்டியவை

ஒரே பெயர் வந்துவிட்டால் அவர் நம்மவர்தான் என்று துள்ளிக் குதிக்கக் கூடாது. நம்மில் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். பெயரன் என்ற சொல்தான் பேரன் ஆயிற்று. ஆகவே அறுபது வருஷ இடைவெளியில் ஒரே ஊரில், ஒரே பெயரில், ஒரே குடும்பத்தில் இருவர் இருப்பார்கள். தகப்பனார் பெயர், வயது, ஊர் ஆகிய மூன்றில் இரண்டாவது ஒத்துப்போனால்தான் நம்பலாம். வயதையும் "சுமார்" என்றே கொள்ள வேண்டும். 1940-இல் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்டவரே 1970-இல் அதை விட்டிருப்பார். தலைப்பெழுத்தும் கூடிக் குறைந்திருக்கும்.

ஊர்ப் பெயர்களும் மாறியிருக்கின்றன. மாயவரம் மாயூரமாகி, 1982-இல் மயிலாடுதுறை ஆனது. ஆங்கிலப் பேப்பரில் சீர்காழி "ஷியாளி", தஞ்சாவூர் "டாஞ்சூர்", திருச்சி "டிரிச்சினாபோலி". பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து நாகப்பட்டினம் 1991-இல் பிரிந்தது, பிறகு திருவாரூர், 2020-இல் மயிலாடுதுறை. இன்றைய மாவட்டப் பெயரை வைத்து 1950-ஆம் ஆண்டுப் பேப்பரில் தேடினால் கிடைக்காது.

எங்கே தேடுவது

சுதேசமித்திரன் 1882-இல் தொடங்கி 1899-இல் நாளிதழானது. தினமணி 1934-இல் வந்தது. தினத்தந்தி 1942-இல் மதுரையில் தொடங்கியது. ஆங்கிலத்தில் ஹிந்து 1878 முதல் வருகிறது. உங்கள் வருஷத்துக்கும் ஊருக்கும் எது பொருந்தும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பல ஊர்களில் அச்சாகும் நாளிதழ் என்றால் பதிப்பும் முக்கியம். மதுரைப் பதிப்பில் வந்த உள்ளூர் விளம்பரம் சென்னைப் பதிப்பில் இல்லாமல் போகலாம்.

சென்னையில் கன்னிமாரா நூலகம், எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகியவை முக்கியமானவை. இங்கே நமக்கு அலிப்பூரில் தேசிய நூலகம் இருக்கிறது. வெளியீடுகளை நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்ற 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1956-இல் நாளிதழ்களும் சேர்ந்தன. அவற்றைப் பெறும் நூலகங்களில் கன்னிமாராவும் நம் தேசிய நூலகமும் உண்டு. கணினி தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கட்டணம் கிடையாது.

நூலகத்துக்குப் போகுமுன் தொகுதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது. பழைய தாள் அப்பளம் போல நொறுங்கும். இரண்டு கையாலும் புரட்ட வேண்டும். எது கிடைத்தாலும் நாளிதழின் பெயர், பதிப்பு, தேதி, பக்கம், பத்தி ஆகிய ஐந்தையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள். குறிக்காமல் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டும்.

இனி நாம் கொடுக்கும் அறிவிப்பு

கடைசியாக ஒரு வேண்டுகோள். நாமும் பேப்பரில் அறிவிப்புக் கொடுக்கிறோம். நம் சங்க மலரிலும் கொடுக்கிறோம். "அம்மா மறைந்தார், வருந்தும் குடும்பத்தார்" என்று இரண்டு வரி எழுதினால் அக்கம்பக்கத்தாருக்குப் போதும், கொள்ளுப் பேரனுக்குப் போதாது. இறந்தவரின் முழுப் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த கிராமமும் வட்டமும், தேதியுடன் ஆண்டு, மகன்களோடு மகள்கள், மருமகள்கள் எல்லோருடைய பெயரும் இருக்கட்டும். பெண்கள் பெயரைக் கோர்ட் நோட்டீஸில் தேட வேண்டிய நிலைமை நம் பேரப்பிள்ளைகளுக்கு வேண்டாம்.

வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் யாராவது இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள். "கல்யாணமாகாமலே போனவர்", "சின்ன வயசிலேயே போயிட்டா" என்று யாரைப் பற்றிச் சொன்னாலும், அந்தப் பெயரின் கீழ் ஒரு கோடு போட்டு வையுங்கள். தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.