சாகா வரம்

பினாங்குப் பாலத்தை 1985 ஆகஸ்ட் 3-ஆம் தேதி திறந்துவைத்த அன்றைய மலேசியப் பிரதமர் மகாதீர், அதன்மேல் தாமே ஓட்டிச் சென்றது ஒரு புரோட்டோன் சாகா. ஜூலை 9-ஆம் தேதிதான் அந்தக் கார் வெளியாகியிருந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாலம் இன்னும் இருக்கிறது. சாகாவும் இருக்கிறது. பினாங்கின் ஜெலுத்தோங்கிலும் பிறையிலும் உள்ள பட்டறைகளில் அதன் மூக்கைத் திறந்துவைத்துக்கொண்டு இளைஞர்கள் இரவு பத்து மணிக்கும் குனிந்து நிற்கிறார்கள். மலாய்க்காரர்கள் என்ன நினைத்துப் பெயர் வைத்தார்களோ, தமிழ்க் காதுக்கு அது சாகாத கார்.

மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயைத் தழுவிய கார் அது. எடை 900 கிலோவை ஒட்டி, 1.3 லிட்டர் எஞ்சின், சுமார் 70 குதிரைத்திறன். அதில் பள்ளிக்குப் போகலாம், சந்தைக்குப் போகலாம். பந்தயத்துக்குப் போக வேண்டுமென்றால் எஞ்சினை மாற்ற வேண்டும். நடுத்தர உடம்பில் பெரிய எஞ்சினைத் திணிப்பது அமெரிக்கர்களின் பழைய வித்தை. 1964-இல் பான்டியாக் நிறுவனம் 6.4 லிட்டர் எஞ்சினை அப்படி வைத்துத்தான் ஜிடிஓ என்ற காரை விற்றது. ‘மசில் கார்’ என்ற இனமே அதன் பிறகுதான் பேர்பெற்றது. நம்மூரில் அதே வித்தை ‘ஹாஃப்கட்’ வழியாக நடக்கிறது. ஜப்பானில் கார் பழசானால் கட்டாயத் தகுதிச் சோதனையின் செலவுக்கு அஞ்சி, நன்றாக ஓடும் காரையே கைவிட்டுவிடுவார்கள். அதன் முன்பாதியை மட்டும் அறுத்துக் கப்பலேற்றினால் இங்கே உதிரிபாகம் விற்கும் ‘பொத்தோங்’ கடைக்கு வந்து சேரும். எஞ்சின், கியர்பாக்ஸ், வயர்க்கட்டு, கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே துண்டில். வெட்டுவாயில் இரும்பு பளபளக்க, உள்ளே ஜப்பானிய எழுத்தில் யாரோ ஒட்டிய எண்ணெய் மாற்றிய தேதி அப்படியே இருக்கும்.

சாகாக்காரர்களுக்குப் பிரியமானது 4ஜி93 டர்போ. லான்சர் ஜிஎஸ்ஆரில் வந்த 1.8 லிட்டர் எஞ்சின், 195 குதிரைத்திறன். வெளியேறும் புகையே ஒரு சிறு சக்கரத்தை நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழற்றி, உள்ளே போகும் காற்றை அமுக்கித் தள்ளுகிறது. வீணாகும் மூச்சிலிருந்து பலம் எடுப்பது எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அதிசயம்தான்.

இனி கணக்கு. நேர்கோட்டில் ஓடும் டிராக் பந்தயத்தின் தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். சக்தி கிட்டத்தட்ட மூன்று மடங்கானதால் நேரமும் மூன்றில் ஒரு பங்காகிவிடுமா? ஆகாது. சக்தி என்பது தள்ளும் விசையை வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது. சக்தி அதேதான் என்றால், வேகம் ஏற ஏறத் தள்ளும் விசை இளைத்துக்கொண்டே போகும். கணக்கைக் கடைசிவரை போட்டால் ஓடும் நேரம், எடையைச் சக்தியால் வகுத்து வருவதன் கனமூலத்தைப் பின்தொடர்கிறது. சக்தியை இருமடங்காக்கினால் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். நேரம் பாதியாக வேண்டுமா? எட்டு மடங்கு சக்தி வேண்டும். பந்தயக்காரர்கள் நெடுநாளாகக் கையாளும் தோராயச் சூத்திரத்தில், ஓட்டுநரோடு 970 கிலோ உள்ள பழைய சாகா 18 விநாடிக்குச் சற்று மேல் எடுக்கும். டர்போ ஏறியது 13 விநாடி. அந்த ஐந்து விநாடிக்குத்தான் அவ்வளவு வெள்ளியும் செலவாகிறது.

ஆனால் பச்சை விளக்கு எரிந்ததும் முதலில் பேசுவது எஞ்சின் அல்ல, டயர். நின்றிருக்கும் சாகாவின் எடையில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் முன்சக்கரங்கள் மேல் இருக்கிறது. அந்தச் சக்கரங்களே காரை இழுக்கின்றன. கார் சீறியதும், பேருந்து கிளம்பும்போது நிற்பவர் பின்னால் சாய்வதுபோல் எடை பின்னுக்குப் போகிறது. இழுக்க வேண்டிய சக்கரம் இழுக்கும் நேரத்தில் இலேசாகிவிடுகிறது. நல்ல டயர் இருந்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்குத்தான் பிடி கிடைக்கும். அந்தப் பிடியை, 195 குதிரைகளில் வழியில் வீணாவது போக மிஞ்சுவதோடு வைத்துப் பார்த்தேன்: மணிக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும்வரை எஞ்சினின் முழுப் பலமும் தரைக்கு இறங்கவே வழியில்லை. 13 விநாடியில் முதல் ஐந்து, உள்ளங்கை அகல ரப்பரின் கையில். அதனால்தான் இத்தகைய கார்களில் முன்பக்கம் அகலமான டயரும் பின்பக்கம் ஒல்லியான டயரும் இருக்கும். பின் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கி, கார் பின்னால் குந்துவதைத் தடுப்பார்கள். பார்ப்பவர்களுக்கு அது விகாரமாகத் தெரியலாம். எனக்கு அதில்தான் அறிவு தெரிகிறது.

காற்றையும் மறக்கக்கூடாது. பினாங்கின் 32 டிகிரி மதியக் காற்று, 15 டிகிரிக் காற்றைவிட ஐந்தாறு விழுக்காடு அடர்த்தி குறைந்தது. ஈரப்பதம் மூன்று நான்கு விழுக்காடு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எஞ்சினுக்குப் போகும் ஆக்சிஜனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ அமுக்கிய காற்று இன்னும் சூடாகும்; இன்டர்கூலர் சரியாக வேலை செய்யாவிட்டால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனை உடைத்துவிடும்.

பொதுச் சாலையில் பந்தயம் விடுவது சட்டவிரோதம், அது சரியான சட்டம். வேகம் இருமடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. சாகாவின் பின்சக்கரத்தில் இருப்பதோ டிரம் பிரேக். எஞ்சின் மாற்றியதை ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்துத் துறையில் பதிந்து, புஸ்பகோம் சோதனை மையத்தில் காட்டி, பிரேக்கையும் மாற்றியவர்தான் என் கணக்கில் முழு ஃபோர்மன். பந்தயத்துக்கென்று ஒதுக்கிய இடம் சிப்பாங்கில் இருக்கிறது. ஏறக்குறைய 400 கிலோமீட்டர் ஓட்டிப்போய், 402 மீட்டர் ஓடி, அதே காரில் வீடு திரும்ப வேண்டும்.

இனியும் எஞ்சினுக்குச் செலவழிக்கக் காசில்லாதவனுக்குக் கனமூலம் காட்டும் வழி, எடையைக் கழற்றுவது. ஜெலுத்தோங்கில் ஒரு தம்பி, தன் டர்போ சாகாவிலிருந்து கழற்றிய ஒவ்வொன்றையும் வீட்டுத் தராசில் நிறுத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தார். பின் இருக்கை, ஸ்பேர் டயர், ஜாக், கம்பளம், முன் இருக்கை ஒன்று. மொத்தம் 60 கிலோ. சூத்திரத்தில் போட்டுக் காட்டினேன்: கால் விநாடிக்குச் சற்று மேல் மிச்சம். மணிக்கு 170 கிலோமீட்டர் வேகத்தில் கோட்டைக் கடக்கும்போது அந்தக் கால் விநாடி 12 மீட்டருக்கு மேல். மூன்று சாகாவை வரிசையாக நிறுத்தும் நீளம். எஞ்சினில் அதையே பெற இன்னும் 13 குதிரைத்திறன் வாங்க வேண்டும்.

“மூணு கார் நீளமாண்ணே?” என்று அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருக்கையின் போல்ட்டுகளைத் துடைத்து, ஒரு மைலோ டின்னில் போட்டு மூடினார். திங்கட்கிழமை அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டுமாம்.