நோயை வரையும் கைகள்

வருசநாட்டு மலைகள் சூழ்ந்த தேனி மாவட்டம் சினிமாவுக்குத் தந்தவர்கள் பலர். பண்ணைப்புரத்து இளையராஜா இசையமைத்த இரண்டு படங்களைப் பார்த்தாலே, திடமான நடிகரை நோயாளியாக்கும் கலையின் இரண்டு வழிகள் புரிந்துவிடும்.

முதலாவது, இதே மாவட்டத்தில் பிறந்த பாலா இயக்கி 1999இல் வெளியான ‘சேது’. மனநிலை பாதிக்கப்பட்டவராக மாற விக்ரம் மொட்டையடித்து, உடம்பையே இளைக்க வைத்தார்.

இன்னொன்று 2009இல் வந்த இந்திப் படம் ‘பா’. புரோஜீரியா என்பது சிறு வயதிலேயே முதுமைத் தோற்றத்தைத் தரும் அரிய மரபணு நோய். அந்த நோய் கண்ட 12 வயதுச் சிறுவனாக நடித்த அமிதாப் பச்சனுக்குப் படம் வெளியானபோது வயது 67! அவருக்கு ஒப்பனை செய்த கிறிஸ்டியன் டின்ஸ்லி, டாமினி டில் இருவரும் தேசிய விருது பெற்றார்கள்.

இத்தகைய ஒப்பனைக்கு முதலில் நடிகரின் முகத்தை அச்செடுப்பார்கள். அதன்மேல் களிமண்ணால் புதுமுகம் வடித்து, சிலிக்கான் போன்ற பொருளில் வார்ப்பார்கள். வார்த்த துண்டின் ஓரம் மிக மெல்லியதாக இருந்தால்தான் தோலோடு தோலாக ஒட்டும்.

சாதாரணக் காய்ச்சலுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். முகத்துக்கு வெளிர் பூச்சு, கண்ணுக்குக் கீழே ஊதா கலந்த பழுப்பு, இமையோரம் லேசான சிவப்பு, கன்னக்குழியில் நிழல். தண்ணீரில் கிளிசரின் கலந்து நெற்றியில் தெளித்தால், விளக்குச் சூட்டிலும் வியர்வை சட்டென்று உலராமல் முத்து முத்தாக நிற்கும். பிறகு காது, கழுத்து, விரல்கள் வரை அதே வெளிறலை இழுத்துவிடுவார்கள். குளோசப்பில் கேமரா அங்கேயும் போகுமே!