பால்குடிக் குழந்தையின் துணி

குழந்தை பிறந்த வீட்டை அடையாளம் காண ஒருவரையும் விசாரிக்க வேண்டுவதில்லை. கொல்லைப்புறக் கொடியில் பழைய வேட்டியைக் கிழித்த துண்டுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த நல்லேப்பிள்ளியிலும் இதுவே காட்சி. பழைய கொச்சி நாட்டில் இருந்து, 1956ஆம் ஆண்டில் கேரள மாநிலத்துள் அமைந்த வட்டம் அது. வீட்டில் தமிழும் அலுவலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் மலையாளமுமாக அங்கே வாழ்வோர் பலர். கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் அத்துணிகள் ஒரு நாழிகைக்குள் உலர்ந்துவிடுகின்றன. ஆனால், துவைத்து உலர்த்துவதற்கு முன் அவற்றை ஒரு கணம் உற்று நோக்க வேண்டும் என்பதே இங்கு நாம் கூற விரும்புவது.

"நேற்றெல்லாம் ஐந்து முறை போன பிள்ளை இன்று ஒரு தடவையும் போகவில்லையே, அம்மிணி! பால் சேரவில்லையோ?" என்று மாமியார் கேட்பார். மறுநாள் மலம் பச்சையாக இருந்தால், "உனக்குத்தான் சூடு, நீ தின்றதுதான் பிள்ளைக்கு ஆகவில்லை" என்பார். பெற்றவள் என்ன செய்வாள்? தன் பாலையே ஐயுறத் தொடங்குகிறாள். சில நாட்களுக்குள் பால்மாவு டின் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கவலைக்கு இடமில்லாத மாறுதல்களைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். மெய்யாகவே அஞ்ச வேண்டிய ஒரு மாறுதலைக் கண்டும் வாளா இருந்துவிடுகிறோம். இரண்டையும் பிரித்தறிவதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை.

முதல் மலத்தைக் காட்டுப்பீ என்று நம் முன்னோர் வழங்கினர். கருநிறமாய், தார்போல் ஒட்டும் தன்மையதாய், பெரும்பாலும் நாற்றமின்றி இருக்கும். தாயின் வயிற்றில் இருந்த காலத்தில் குழந்தை விழுங்கிய பனிக்குட நீரும், குடலில் உதிர்ந்த உயிரணுக்களும், பித்தமும் திரண்டு அமைந்தது அது. பெரும்பாலான குழந்தைகள் பிறந்த 24 மணி நேரத்திற்குள் அதனைக் கழிக்கும். 48 மணி நேரம் கடந்தும் கழிக்கவில்லையாயின், அது குடலில் ஏதேனும் தடை இருப்பதன் அறிகுறியாகலாம். மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். இந்தக் கருமலம் வெளியேறுவதற்காகச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனை வைப்பதும், விளக்கெண்ணெய் புகட்டுவதும், கழுதைப் பால் தேடி அலைவதும் நம் வீடுகளில் வழக்கமாயிருந்தன. இன்றும் சில இடங்களில் உள்ளன. இவற்றுள் ஒன்றும் வேண்டா. மஞ்சள் நிறமாய்க் கெட்டியாகச் சுரக்கும் சீம்பாலே இயற்கை அளித்த மலமிளக்கி. குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் பாலூட்டத் தொடங்கினால், காட்டுப்பீ விரைவில் நீங்கும். அது குடலில் தங்கினால் அதிலுள்ள பித்தநீர் நிறம் மீண்டும் இரத்தத்தில் ஏறி, மஞ்சள் மிகும். விளக்கெண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரலில் அழற்சி உண்டாகும் என்பதையும் மறத்தலாகாது.

மூன்றாம் நாள் அளவில் கருமை குறைந்து கரும்பச்சையாகும்; பிறகு பழுப்புப் பச்சை; ஐந்தாம் நாளுக்குள் மஞ்சள். தாய்ப்பால் மட்டுமே அருந்தும் குழந்தையின் மலம் கடுகு அரைத்ததுபோல் இளகி, இடையிடையே சிறு விதைபோன்ற பொடிகளுடன் இருக்கும். பேதியோ என்று புதிய தாய்மார் மருளுவது இதைக் கண்டுதான். பேதியன்று, தாய்ப்பாலின் இயல்பு இது. மஞ்சளாய் இருந்த துணி வாளியில் கிடக்கும்போது பச்சையாக மாறுவதையும் காணலாம். காற்றுப்பட்டதனால் நிகழும் மாறுதலேயன்றி வேறில்லை.

முதல் வாரத்தில் துணியின் எண்ணிக்கை பெரிதும் பயன்படும். குழந்தை எத்தனை பாலாடை பால் குடித்தது என்று முலைப்பாலை அளக்க இயலாது. ஆனால் வெளியே வருவதை எண்ணலாம். முதல் நாள் ஒரு முறை சிறுநீர், இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று ஏறி, ஐந்தாம் நாளுக்குப் பின் நாளொன்றுக்கு ஆறு துணியேனும் நனைய வேண்டும். மலமும் நான்காம், ஐந்தாம் நாட்களில் மூன்று அல்லது நான்கு முறையேனும் கழிய வேண்டும். இவ்விரண்டும் நிகழ்ந்து, பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் பிறந்தபோது இருந்த எடையையும் குழந்தை மீட்டுக்கொண்டால், பால் போதவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. முதல் இரண்டொரு நாட்களில் துணியில் செங்கற்பொடிபோன்ற செம்மை படிந்தால் அது இரத்தமன்று; சிறுநீரிலுள்ள ஒரு வகை உப்பு. நான்காம் நாளுக்குப் பின்னும் அது தொடர்ந்தால் பால் போதிய அளவு உட்செல்லவில்லை என்று கொண்டு, பாலூட்டும் முறையை அறிந்தவரிடம் காட்ட வேண்டும்.

கோடையில் பாலக்காட்டில் வெயில் 40 பாகையைக் கடப்பதுண்டு. "இந்த வெயிலில் பச்சைப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காமல் எப்படி?" என்று கேட்பார்கள். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீரே. தண்ணீர் புகட்டினால் குழந்தையின் சிறு வயிறு நிறைந்து, பால் குடிப்பது குறையும். கிணற்று நீரோ பேதியையும் கொண்டுவரலாம். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

ஆறு வாரம் கடந்ததும் மற்றொரு மாறுதல் நிகழும். நாள்தோறும் பல முறை கழித்த குழந்தை மூன்று நாள், ஐந்து நாள், சிலபோது ஒரு வாரத்திற்கும் மேலாக மலம் கழியாதிருக்கும். வீட்டில் பெரும் கலவரம் எழுவது அப்போதுதான். வெற்றிலைக் காம்பும் சோப்புத் துண்டும் தேடப்படுகின்றன. உண்மையில் தாய்ப்பால் ஏறத்தாழ முழுவதும் செரித்து உடலில் சேர்ந்துவிடுவதால் கழிப்பதற்கு மிச்சம் குறைவு. கழியும்போது மலம் இளகியே இருந்தால் அது மலச்சிக்கல் அன்று. வயிறு உப்பிக் கடினமாதல், பச்சையாக வாந்தி எடுத்தல், பால் குடிக்க மறுத்தல் இவை சேர்ந்தாலன்றிக் குழந்தையை வருத்த வேண்டுவதில்லை. முதல் மாதத்திலேயே மலம் குறைந்தால் மட்டும் அதனை இவ்வாறு விட்டுவிடலாகாது. அப்போது எடையைப் பார்த்தே தீர வேண்டும்.

பச்சை மலமும் அத்தகையதே. குழந்தை மகிழ்ச்சியாய்ப் பால் குடித்து எடையும் ஏறிவந்தால், இடையிடையே வரும் பச்சைக்குப் பொருளில்லை. தாய் உண்ட கீரையையோ மாங்காயையோ குற்றம் சொல்லி அவளைப் பட்டினி போடுவது பெரும் அநீதி.

இனி, அஞ்ச வேண்டியதற்கு வருவோம். அது மலத்தில் நிறமே இல்லாமற்போதல். மஞ்சளும் பச்சையும் பழுப்பும் கல்லீரலிலிருந்து இறங்கும் பித்தத்தின் நிறங்கள். மலம் சுண்ணாம்புபோல் வெளுத்தோ, சாம்பல் நிறமாகவோ, நீர்த்த சந்தனம்போல் மிக வெளிறியோ இருந்தால், பித்தம் குடலுக்கு வந்து சேரவில்லை என்பது பொருள். வழியற்ற பித்தம் இரத்தத்தில் சேர்ந்து சிறுநீரில் இறங்கும். பச்சிளங்குழந்தையின் சிறுநீர் வெள்ளைத் துணியில் கறை படியாத அளவுக்கு நிறமற்றது. துணியில் மஞ்சட் கறை படிந்து, மலமும் வெளுத்திருந்தால், ஒரு நாளும் தாமதித்தல் கூடாது. பித்தக்குழாய் அடைபட்டுப் போகும் நோய் ஒன்று உண்டு. பல்லாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கே வருவது. ஆயினும் வந்த வீட்டிற்கு அக்கணக்கு என்ன ஆறுதல்? ஜப்பான் நாட்டு அறுவை மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் வகுத்த முறைப்படி, குடலின் ஒரு பகுதியைக் கல்லீரலோடு இணைத்துப் பித்தத்திற்கு வழி செய்கிறார்கள். பிறந்து 60 நாட்களுக்குள் செய்யப்பட்டால் பலன் மிகுதி. நாள் செல்லச் செல்லக் கல்லீரல் தழும்பேறிக் கெட்டுவிடும். பிறகு மாற்றுக் கல்லீரல் பொருத்துவது ஒன்றே வழியாகும்.

இந்நோயின் கொடுமை யாதெனில், முதல் வாரங்களில் குழந்தை நன்றாகவே இருக்கும். பால் குடிக்கும், சிரிக்கும், கொழுகொழுவென்றும் தோன்றும். கண்ணில் சிறிது மஞ்சள் இருந்தால், "காலை வெயிலில் காட்டு, போய்விடும்" என்பார்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள் சிலருக்கு மஞ்சள் சில வாரம் நீடிப்பது உண்மையே; ஆனால் அவர்களுடைய மலம் மஞ்சளாகவும் சிறுநீர் கறையற்றும் இருக்கும். எவ்வாறாயினும், 14 நாட்களுக்கு மேல் மஞ்சள் நீடிக்கும் குழந்தைக்கு இரத்தப் பரிசோதனை செய்வித்தே ஆக வேண்டும். தைவான் நாட்டில் மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டையை 2004ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் தாய்மாருக்கு வழங்கி, இந்நோயைக் காலத்தில் கண்டுபிடித்து வருகின்றனர்.

நம்மிடம் அட்டை இல்லாவிடினும் வெள்ளை வேட்டித் துண்டு உண்டு. முதல் இரண்டு மாதங்களுக்கேனும் பூப்போட்ட துணியையும் வண்ணத் துணியையும் தவிர்ப்பது நன்று. நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மஞ்சள் விளக்கின் கீழ் வெளுப்பும் மஞ்சளாகத் தோன்றி ஏமாற்றும். கடையில் வாங்கும் டயபர் சிறுநீரை உறிஞ்சி மறைத்துவிடுவதால், அதனுள் ஒரு வெள்ளைத் துணியை இட்டுப் பார்க்கலாம்.

வேறு சிலவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். காட்டுப்பீ நின்றபின் மீண்டும் மலம் கறுத்தாலும், செந்நிற இரத்தம் தோன்றினாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தாயின் முலைக்காம்பு வெடித்து, அந்த இரத்தத்தைக் குழந்தை விழுங்கியதாகவும் இருக்கலாம், ஆனால் அதை முடிவு செய்வது மருத்துவர் பொறுப்பு. மலம் திடீரென்று தண்ணீராகி, எண்ணிக்கை மிகுந்து, நாற்றமெடுத்து, குழந்தையும் சோர்ந்தால் அது பேதி. தாய்ப்பாலை நிறுத்தாமல் ஊட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பிறமாநிலங்களில் வாழும் நம் மக்களுக்கு மற்றோர் இடர் உண்டு. அது மொழி. நல்லேப்பிள்ளியில் ஆஷா ஊழியர் பிள்ளை பெற்ற வீட்டுக்கு வரும்போது மலையாளத்தில் கேட்பார். மஞ்ஞப்பித்தம் என்றால் மஞ்சட்காமாலை, வயறிளக்கம் என்றால் பேதி, முலப்பால் என்றால் தாய்ப்பால். இவை நம் காதுக்கு அயலல்ல. மும்பையிலோ தில்லியிலோ இருக்கும் தாய்க்கு இந்த உறவும் இல்லை. ஊரிலுள்ள அம்மாவிடம் தொலைபேசியில் கேட்கிறாள். அவரோ துணியைக் கண்ணால் பாராமல் கைவைத்தியம் சொல்கிறார். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையைக் காண 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் ஆஷா ஊழியர் வீட்டுக்கு வர வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான ஏற்பாடு. அந்நாட்களில் ஐயமுள்ள துணியைத் துவைக்காமல் எடுத்துவைத்துக் காட்டலாம். மருத்துவரிடம் போகும்போதும் அத்துணியை ஓர் உறையில் இட்டு எடுத்துச் செல்லுங்கள். நிறத்தைச் சொல்லத் தெரியாத மொழியில் தடுமாற வேண்டியிராது.

ஆறு மாதம் நிறைந்து, கேழ்வரகுக் கூழும் நேந்திரங்காய் மாவும் குழைந்த சோறும் ஊட்டத் தொடங்கியபின் மலம் கெட்டியாகி, நாற்றமும் பெரியவர்களுடையதை ஒத்துவிடும். இங்குச் சொன்ன கணக்குகள் அதன்பின் பொருந்தா.