விமானம் பிறக்கும் கூடம் – 7: இரு பக்கத்துக் கைகள்

சென்ற இதழில், இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஃபோர்டு கம்பெனியார் மிச்சிகன் மாநிலத்து வில்லோ ரன் என்னுமிடத்தில் நடத்திய தொழிற்சாலையிலிருந்து, 1944-ஆம் வருஷத்தில் மணிக்கு ஒன்று என்ற வேகத்தில் பி-24 குண்டுவீச்சு விமானங்கள் வெளிவந்த வரலாற்றைப் பார்த்தோம். மோட்டார் காரைச் செய்கிற முறையிலேயே விமானத்தையும் செய்துவிடலாம் என்ற நம்பிக்கை அங்கே பெருமளவு பலித்தது உண்மைதான்; ஆனால் அதைப் பலிக்கச் செய்தவர்கள் ரிவெட் துப்பாக்கியைக் கையிலேந்தி நின்ற பல்லாயிரம் ஆண்களும் பெண்களுமே. அந்தக் கைகளின் ஸ்தானத்தில் ரோபோக்களை நிறுத்த நம் காலத்தில் நடந்த ஒரு பெரும் பிரயத்தனத்தையும், அதன் முடிவையும் இவ்வாரம் ஆராய்வோம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எவரெட் என்ற ஊரில், கன அளவில் உலகிலேயே மிகப் பெரியதெனப் பெயர் பெற்ற கட்டடத்துக்குள், போயிங் கம்பெனியாரின் 777 விமானம் உருவாகிறது. அதன் உடற்பகுதியைப் பிணைப்பதற்கு ஊழியர்கள் கையால் அடித்துவந்த சுமார் 60,000 ரிவெட் முதலிய இணைப்பாணிகளை இனி ரோபோக்களே பொருத்தும் என்று 2014-இல் அக்கம்பெனியார் அறிவித்தார்கள். கூக்கா என்ற ஜெர்மானியக் கம்பெனியின் துணையோடு அமைக்கப்பட்ட அந்த ஏற்பாட்டுக்கு, உடலை நிமிர்ந்த நிலையிலேயே வைத்துத் தானியங்கு முறையில் கட்டுவது என்ற பொருளில் பெயரும் சூட்டினார்கள். லாபத்தையும் வேகத்தையும் மட்டும் கருதி எடுத்த முடிவு என்று அதைத் தள்ளிவிடுவதற்கில்லை. 777 விமான வேலையில் ஏற்பட்ட காயங்களில் பாதிக்கு மேற்பட்டவை இந்த ஒரு கட்டத்திலேயே நேர்ந்தவை என்று கம்பெனியார் அப்போது தெரிவித்தார்கள். அதிரும் துப்பாக்கியைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நாள் முழுவதும் உழைக்கிறவருடைய மணிக்கட்டும் தோளும் படும் பாட்டை அறிந்தவர் எவரும், அந்தச் சுமையை யந்திரத்தின் மேல் ஏற்றுவதை ஆட்சேபிக்க மாட்டார்.

இந்த வேலை எத்தகையது என்பதைச் சற்று நெருங்கி நின்று பார்ப்போம். ரிவெட் அடிப்பதற்கு இருவர் வேண்டும். ஒருவர் விமான உடலுக்கு வெளியே நின்று, துளையில் செருகிய ரிவெட்டின் தலையின்மேல் காற்றழுத்தத் துப்பாக்கியை வைத்து அடிக்கிறார். மற்றவர் உள்ளே குனிந்தோ படுத்தோ, ரிவெட்டின் வால் நுனிக்கு நேராக ஒரு கனத்த உலோகக் கட்டியை அழுத்திப் பிடிக்கிறார். அடியின் வேகத்தில் வால் நசுங்கி, ரிவெட்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு அகலமும் அவ்விட்டத்தில் பாதி உயரமும் உள்ள இன்னொரு தலையாக உருவெடுக்க வேண்டும். இருவருக்கும் இடையே அலுமினியத் தகடு இருப்பதால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. சத்தத்தில் பேச்சும் கேட்காது. ஆகவே, உள்ளே இருப்பவர் தட்டிக் காட்டும் ஒரு சங்கேதம் இத்தொழிலில் வெகுகாலமாக வழங்கி வருகிறது: ஒரு தட்டு என்றால் இன்னும் அடி, இரண்டு என்றால் சரியாக அமைந்துவிட்டது, மூன்று என்றால் கெட்டுவிட்டது, கழற்றிவிட்டு வேறு போடு. அந்தத் தட்டுக்கு முன்னதாக, கட்டி கையில் அதிரும் விதத்தையும் தகடு எழுப்பும் ஓசையையும் கொண்டு அவர் ஒரு தீர்ப்புக்கு வந்திருக்கிறார். கண்ணும் காதும் கையும் ஒரே கணத்தில் செய்யும் இந்தப் பரீட்சைக்கு எந்த வரைபடத்திலும் இடமில்லை.

மோட்டார் காருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதன் தகடுகளை ஒட்டவைக்கும் கருவி, இரு தாடைகளால் தகட்டின் இரு பக்கத்தையும் தானே கவ்விக்கொள்ளுவதால், ஒரே ரோபோ அந்தக் காரியத்தை முடித்துவிடுகிறது. தட்டையான விமானப் பகுதிகளுக்கும் அவ்வாறே இரு பக்கமும் எட்டிப் பிடிக்கும் ரிவெட் யந்திரங்கள் பல காலமாக உண்டு. ஆனால் 6 மீட்டருக்கு மேல் விட்டமுள்ள குழலாக உடல் மூடிக்கொண்ட பிறகு எந்தத் தாடையும் எட்டாது; வெளியே ஒரு ரோபோவும் உள்ளே ஒரு ரோபோவுமாக, ஒன்றையொன்று காணாமலே, ஒரே புள்ளியில் ஒரே கணத்தில் சந்தித்தாக வேண்டும்.

அங்கேதான் ரோபோவின் ஸ்வபாவம் குறுக்கே நிற்கிறது. பழகிய வீட்டில் இருட்டிலும் இடறாமல் நடப்பவர், புதிய வீட்டில் வழி சொல்லிக் கொடுத்தாலும் தடுமாறுவதைப்போல, ஒருமுறை கற்பித்த இடத்துக்கு ஆயிரம் தடவை பிசகாமல் திரும்பிவரும் ரோபோவின் கை, கணக்கிட்டுச் சொன்ன புதிய இடத்துக்குப் போகும்போது ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ விலகக்கூடும். அழுத்தித் துளையிடுகையில் அந்த நீண்ட கை தானே சிறிது வளைந்தும் கொடுக்கும். விமானத் துளைக்கோ மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குக்கு மேல் பிசகு ஆகாது. போதாக்குறைக்கு விமானத்தின் உடலும் ஓர் அளவில் நிலைத்திருப்பதில்லை: 10 மீட்டர் நீளமுள்ள அலுமினியப் பகுதி, கூடத்தின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் 2 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். ஆகையால் லேசர் கதிரால் இடையறாது அளந்து, கைக்குத் திருத்தம் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டியதாகிறது. இத்தனை செலவையும் பல லட்சம் கார்களின்மேல் பரப்பிவிடலாம். போயிங் கம்பெனியார் 2014-ஆம் வருஷம் முழுவதும் கொடுத்த 777 விமானங்கள் 99 மட்டுமே.

ஒரு துளையின் பிசகு அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள், 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளின் மேல் பறந்த அலோஹா கம்பெனியின் 737 விமானத்தை நினைவுகூர வேண்டும். பத்தொன்பது ஆண்டு உழைத்த அந்த விமானத்தில், தகடுகளின் பசைப்பிடிப்பு விட்டுப்போனதால் பாரமெல்லாம் ரிவெட் வரிசையின்மேல் விழுந்து, துளைகளின் ஓரத்தில் தோன்றிய நுண்ணிய வெடிப்புகள் ஒன்றோடொன்று கூடி, நடுவானில் மேற்கூரையே பிய்ந்து போயிற்று. விமானம் எப்படியோ தரையிறங்கியும், பணிப்பெண் ஒருவரின் உயிர் போய்விட்டது. நம்மைச் சுமந்து செல்லும் ஒவ்வொரு துளைக்கும் ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துரைக்க முடியாது.

எவரெட்டில் நடந்ததும் இந்தக் காரணங்களிலிருந்தே விளைந்தது. உள்ளும் புறமும் நின்ற ரோபோக்களின் இசைவு குலைந்தது. முடிக்காமல் விட்ட வேலைகள் அடுத்த கட்டத்துக்கு நகர, அவற்றை ஊழியர்கள் கையால் முடித்தார்கள். பல வருஷப் போராட்டத்துக்குப்பின், 2019-இல் போயிங் கம்பெனியார் அந்த ஏற்பாட்டையே கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த முறை என் மனத்தை மிகவும் கவர்கிறது. வளைந்துகொடுக்கும் தண்டவாளம் ஒன்று உறிஞ்சு குமிழ்களால் விமானத்தின் உடலைப் பற்றிக்கொள்ள, அதன்மேல் ஊர்ந்தபடி ஒரு யந்திரம் துளைகளை மட்டும் இடுகிறது; ஆணிகளைப் பொருத்துகிறவர்கள் தேர்ந்த ஊழியர்களே. யந்திரத்துக்கு உரியது யந்திரத்துக்கும், கைக்கு உரியது கைக்கும் போய்ச் சேர்ந்தது.

இதைக் கொண்டு ரோபோ விமானத் தொழிலுக்கு உதவாது என்று முடிவு கட்டுவது பெரும் தவறு. அதே 2019-இல் ஹாம்பர்க் நகரில் ஏர்பஸ் கம்பெனியார் 20 ரோபோக்களோடு ஏ320 வகை விமானங்களின் உடலைக் கட்டும் வரிசை ஒன்றைத் திறந்தார்கள். அங்கே அவற்றுக்கு இடப்பட்ட வேலை நேரான நெடுக்கு மூட்டுகளும், உடலைச் சுற்றிவரும் வட்ட மூட்டுகளுமே.

எவரெட்டின் அனுபவம் புகட்டும் பாடம், ரோபோவின் குறையைவிட நம்முடைய அறியாமையைப் பற்றியதே என்பது என் திடமான அபிப்பிராயம். கைத்தொழிலாளி அடிப்பதை மட்டும் பார்த்தோம். அடித்துக்கொண்டே அவர் அளப்பதையும், பரிசோதிப்பதையும், முந்தைய கட்டத்தில் நேர்ந்த சிறு பிசகுகளைச் சத்தமின்றிச் சரிக்கட்டுவதையும் கணக்கில் சேர்க்கத் தவறினோம். அவருடைய உடல்நோவைத் தீர்க்க யந்திரம் வரட்டும். ஆனால் அந்த யந்திரத்துக்கு முதல் கோடு வரையும் நாளிலேயே, உலோகக் கட்டியைப் பிடித்து வாழ்நாளைக் கழித்த அந்தத் தொழிலாளிக்கும் எஞ்சினீயரின் மேஜையருகே ஓர் ஆசனம் போட வேண்டும். அந்த ஆசனத்துக்கு ஆகும் செலவு, கைவிடப்பட்ட யந்திரங்களின் செலவில் ஓர் அணுவளவும் இராது.

துளையும் ரிவெட்டும் குறைவாகவே தேவைப்படும் கார்பன் நார் உடல்களைப் பற்றி அடுத்த இதழில் காண்போம்.

(தொடரும்)