சோதனையோடு நின்ற அரைச்சங்கிலி வண்டி

போர்க்கருவிகளின் வரலாற்றில் வெற்றி கண்டவையே பெரிதும் பேசப்படுகின்றன. சோதனை நிலையோடு நின்றுவிட்டவையும் கற்போர்க்கு நல்ல பாடம் புகட்டவல்லன. இரண்டாம் உலகப் போர்க்காலத்து யப்பானியத் தரைப்படையினர் 20 மில்லிமீற்றர் விமான எதிர்ப்புப் பீரங்கியை ஏற்றிச் சோதித்த வண்டி அத்தகையது. முன்புறம் சக்கரமும் பின்புறம் சங்கிலிப் பட்டையும் பூண்டமையால் அதனை அரைச்சங்கிலி வண்டி என்கிறோம்.

இவ்வமைப்பு ஏன் வேண்டப்பட்டது? சக்கரம் தெருவில் விரைந்தோடும். சேற்றிலும் மணலிலும் புதையும். பட்டையோ பாரத்தை அகன்ற பரப்பிற் பகிர்ந்து வைப்பதால் எளிதிற் புதையாது. ருஷ்யச் சக்கரவர்த்தியின் மோட்டார் வண்டிகளைப் பேணிய கெக்றெஸ் என்னும் பிரெஞ்சுக்காரர், பனியிற் செல்லும்பொருட்டுப் பின்சக்கரங்களுக்குப் பதிலாகப் பட்டைகளைப் பூட்டினார். 1922ஆம் ஆண்டின் இறுதியிற் புறப்பட்ட சித்றோவென் வண்டிகள் அம்முறையினாலேயே சகாராப் பாலைவனத்தைக் கடந்தன.

இனிப் பீரங்கியை நோக்குவோம். அதன் பெயர் 98ஆம் வகை. யப்பானியரின் அரச ஆண்டு 2598, அஃதாவது 1938, அப்பெயரில் அடங்கியுள்ளது. நிமிடத்துக்கு 300 குண்டு என்னும் வேகத்திற் சுடவல்ல அதன் பெட்டியில் 20 குண்டுகளே இருந்தன. இடைவிடாது சுட்டால் நான்கு விநாடியிற் பெட்டி வெறுமையாகும். இழுத்துச் செல்லப்பட்ட பீரங்கியை நிறுத்தி, கால்களை விரித்து ஊன்றிய பின்னரே செவ்வனே சுடலாம். தாழப் பறந்து தாக்கும் விமானம் அதுவரை காத்திராது. திறந்த வெளியில் நடக்கும் படையினரின் உயிர் அச்சிறு பொழுதிலேயே தங்கியிருந்தது. ஆகவே பீரங்கியை வண்டியிலேயே நிலைப்படுத்துதல் தக்க வழியாயிற்று.

எனினும் அவ்வண்டி பெருந்தொகையாகச் செய்யப்படவில்லை. 1937இற் சீனாவில் தொடங்கிய போரில் வானம் பெரும்பாலும் யப்பானியர் வசமிருந்தமையால் அதன் தேவை உறைக்கவில்லை. 1944இல் அமெரிக்க விமானங்கள் வானை நிறைத்தபோது தேவை வெளிப்படையாயிற்று. அப்பொழுதோ நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை அழித்தமையால் மூலப்பொருள் அருகிற்று. கிடைத்த உருக்கும் விமானங்களுக்கும் கப்பல்களுக்குமே முதலிற் சென்றது. அமெரிக்கரோ, நான்கு இயந்திரத் துப்பாக்கிகளைத் தாங்கிய எம் 16 என்னும் அரைச்சங்கிலி வண்டிகளை 2,800க்கு மேலாகச் செய்து முடித்தனர்.

யப்பானியப் பொறியியலாளரிடம் அறிவுக்குக் குறைவில்லை. அவ்வறிவை உரிய காலத்திற் பயன்படுத்தும் முன்னோக்கே குறைந்திருந்தது. அக்குறையின் துன்பத்தை அநுபவித்தோர் திட்டம் வகுத்த தலைவர்களல்லர். காப்பின்றி வானை அண்ணாந்து பார்த்து நின்ற சாதாரண போர்வீரர்களே என்பதை நாம் மறத்தலாகாது.